வெளிச்சம் காணாத வெள்ளை

துடைக்கத் துடைக்க மஞ்சள் ஏறிக்கொண்டே போனது. ஹால்வோருக்கு அதுதான் புரியவில்லை. அழுக்கு என்றால் துடைத்ததும் போக வேண்டும். விடாப்பிடியான அழுக்கு என்றால் அப்படியே இருக்க வேண்டும். துடைத்த பிறகு கூடுகிற அழுக்கை அவர் இதுவரை பார்த்ததில்லை.

போன ஜூன் மாதம், வடதுருவத்தை ஒட்டிய அவர்கள் தீவில் இரவென்பதே இல்லாத நாட்களில், சமையலறை அலமாரிக் கதவுகள் அத்தனைக்கும் அவரே வெள்ளை அடித்தார். படகுக்கு அடிக்கும் எண்ணெய் பெயின்ட். உப்புக்காற்றையே தாங்குவது, மீன் குழம்பைத் தாங்காதா என்று நினைத்து அடித்தார். அந்தத் தீவில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். படகுக்கொட்டகையில் மிஞ்சியிருப்பது எதுவோ அதுதான் வீட்டுக்கும். அடித்து முடித்தபோது சமையலறை கண்ணைக் கூசவைத்தது. மனைவி சிக்ரூன் வாசலில் நின்று பார்த்துவிட்டு, பேசாமல் போய் அவருக்குக் காபி போட்டுக் கொண்டுவந்தாள். அவளைப் பொறுத்தவரை அது பெரிய பாராட்டு.

இப்போது ஜனவரி. நவம்பர் கடைசியில் மலைக்குப் பின்னால் போன சூரியன் இன்னும் திரும்பவில்லை. காலை பத்து மணிக்கும் விளக்கு எரிந்தது. அந்த வெளிச்சத்தில் கதவுகள் பழைய பல்லின் நிறத்தில் நின்றன.

சிக்ரூன் முழங்கை வரை கையுறை போட்டுக்கொண்டு தேய்த்துக்கொண்டிருந்தாள். வாளியிலிருந்து கிளம்பிய சல்மியாக் நெடி கண்ணைக் கரித்தது. சல்மியாக் என்பது வேறொன்றுமில்லை, அம்மோனியா கரைத்த நீர். கிறிஸ்துமஸுக்கு முன்னால் வீடு கழுவ அங்கே எல்லோரும் வாங்குவதுதான். மற்ற வீடுகளில் பண்டிகையோடு பாட்டிலை மூடி வைத்துவிடுவார்கள். சிக்ரூன் மூடவில்லை. மஞ்சளைப் பார்த்ததிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் வாளியோடு நின்றாள்.

துணியை வாளிக்குள் ஓங்கி எறிந்தாள். தண்ணீர் தரையெங்கும் தெறித்தது.

"இங்க வா. இதப் பாரு."

"பாத்துட்டுதான் இருக்கேன்."

"போன வாரம் தோள்பட்ட கழண்டுபோற மாதிரி தேய்ச்சேன். இன்னிக்கு அத விட மஞ்சள். சொல்லு, ஒரு நாளைக்கு எத்தன?"

"எத்தன என்ன?"

"சிகரெட்டு."

ஹால்வோர் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். இதய ரத்தக்குழாயில் கம்பிவலை வைத்து இரண்டு வருடம் ஆகிறது. அன்றோடு விட்டார். இல்லை, சரியாகச் சொன்னால், அன்றோடு விட்டேன் என்று சொல்லிவிட்டு மூன்று மாதம் படகுக்கொட்டகையில் திருட்டுத்தனமாகப் பிடித்தார். வாய் நிறையப் பெப்பர்மின்ட் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவார். பிடிபட்ட அன்று சிக்ரூன் கத்தவில்லை, அழுதாள். அதன் பிறகு ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. இதுதான் உண்மை.

"ஒண்ணுகூட இல்ல" என்றார்.

"அப்ப அலமாரி பிடிக்குதா?"

"சிக்ரூன்..."

"நான் கடைக்கு வேலைக்குப் போனதும் கதவச் சாத்திட்டு இங்கயே உக்காந்து ஊதுற. வெளிய குளிரு, ஐயாவால கொட்டக வரைக்கும் நடக்க முடியல. பெப்பர்மின்ட் வேணுமா? வாங்கிட்டு வரட்டா?"

"நெடியடிக்குதா? என் சட்டையில அடிக்குதா? மோந்து பாரு!"

"இந்த சல்மியாக்குல எனக்கு என்ன நெடி தெரியும்?" அவள் கையுறையை உருவினாள். "யோருன்கிட்ட சொல்லிட்டேன்."

ஹால்வோர் அவள் பக்கம் திரும்பினார்.

"என்ன சொன்ன?"

"உங்க அப்பா மறுபடி பிடிக்கிறார்னு. பின்ன என்ன பண்ணச் சொல்ற? தீரிலுக்கு மூச்சிழுப்பு. புகை இருக்கிற வீட்டுக்குக் கொழந்தையக் கூட்டிட்டு வரமாட்டேன்னுட்டா. ஈஸ்டருக்கு வரல."

மகள் யோருன் இருப்பது த்ரோன்ஹெய்ம் நகரத்தில். பேத்தி தீரிலுக்கு மூன்று வயது. ஈஸ்டருக்கு வரும் அவளுக்காக ஹால்வோர் கொட்டகையில் ஒரு சறுக்குவண்டி செய்து சிவப்பு அடித்து வைத்திருந்தார். அவருடைய முகம் கழுத்திலிருந்து மேலாகச் சிவந்தது.

"என்னக் கேக்காம? ஒரு வார்த்த கேக்காம, என் பொண்ணுகிட்டயே என்னத் திருடன் ஆக்கிட்ட?"

"கேட்டா மட்டும் உண்மையச் சொல்லிடுவ!"

அவர் கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியே போனார். காலணி போட மறந்திருந்தார். பனியில் காலுறையோடு நான்கு எட்டு வைத்துவிட்டுத் திரும்பி வந்து, கதவைத் திறந்து, காலணியை எடுத்துக்கொண்டு, மறுபடியும் அறைந்து சாத்தினார். முதல் முறையைவிட இரண்டாவது சத்தம் பெரிது.

ஓய்வு பெறும்வரை ஹால்வோர் ஃபெர்ரிக் கப்பலில் இயந்திரம் பார்த்தவர். இயந்திர அறையில் புகை வந்தால் யாரைத் திட்டலாம் என்று தேடக்கூடாது, எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும் என்பார். ஆனால் கோபத்தில் அன்று முழுக்க அவருக்குத் தன் புத்திமதியே ஞாபகம் வரவில்லை. மறுநாள் சமையலறையில் தனியாக நின்று, எதையாவது பிய்த்து எறிய வேண்டும் போலிருந்ததால், அலமாரிக் கதவில் தொங்கிய போன வருடத்துக் காலண்டரைப் பிடித்து இழுத்தார். மீனவர் கூட்டுறவுச் சங்கம் கொடுத்தது. ஆணியோடு வந்துவிட்டது.

பின்னால் ஒரு சதுரம் தெரிந்தது. அதைப் பார்த்தபடி அசையாமல் நின்றார்.

ஃபெர்ரியில் முன்பு புகைபிடிக்க ஒரு தனி அறை இருந்தது. அதை மூடியபோது சுவரிலிருந்த படங்களைக் கழற்றியவர் அவர்தான். சுவர் முழுக்கப் பழுப்பு. படங்கள் இருந்த இடம் மட்டும் பளிச்சென்று வெள்ளைச் சதுரங்கள். அப்படித்தான் இருக்க முடியும். புகை, படம் மறைத்த இடத்துக்குப் போகாது. ஆனால் இந்தக் கதவில் எல்லாம் தலைகீழாக இருந்தது. சுற்றிலும் இளமஞ்சள். காலண்டர் மறைத்த இடம்தான் அடர் மஞ்சள், வெண்ணெய் தடவியதுபோல.

"சிக்ரூன்!"

அவள் வந்து பார்த்தாள்.

"காலண்டருக்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்னு ஊதுனியா?"

"வெளையாடாத. பொகையா இருந்தா இந்த எடம் வெள்ளையா இருக்கணும்."

"காகிதச் சாயம் ஒட்டியிருக்கும்."

"ஒரு வருஷக் காலண்டருக்குச் சாயமா?"

"உனக்குக் காரணத்துக்கா பஞ்சம்? அந்த மூணு மாசமும் தெனம் ஒரு காரணம் வெச்சிருந்தியே. ஒரு நாள் வலை கிழிஞ்சுது, ஒரு நாள் பம்பு ஒழுகுச்சு."

அவள் போய்விட்டாள். ஆனால் ஹால்வோருக்குள் இயந்திரக்காரர் விழித்துக்கொண்டார். கோபம் எங்கும் போகவில்லை. அதற்கு இப்போது ஒரு வேலை கிடைத்திருந்தது.

முதலில் முக்காலியைப் போட்டு ஏறினார். புகை மேலேதான் போகும், கூரையோரக் கதவுகள்தான் அதிகம் பழுத்திருக்க வேண்டும். பழுக்கவில்லை. மற்ற எல்லாவற்றையும்விட அவை வெள்ளையாக இருந்தன. சிக்ரூன் குட்டையானவள், அவள் கை அங்கே எட்டாது.

அடுத்து ஒரு வெள்ளைத் துணியைப் பாத்திரம் கழுவும் சோப்பில் நனைத்து மஞ்சள் கதவில் அழுத்தித் தேய்த்தார். சிகரெட் கறை என்றால் துணியில் டீத்தண்ணீர் நிறம் இறங்கும். எண்ணெய்ப் பிசுக்கு என்றாலும் துணி சொல்லிவிடும். துணி சுத்தமாக இருந்தது. அப்படியானால் மஞ்சள் பெயின்ட்டின் மேலே இல்லை, பெயின்ட்டுக்குள்ளேயே இருக்கிறது. மேலே இல்லாததை எவ்வளவு தேய்த்து என்ன?

கடைசியாகக் குனிந்து, கழுவுதொட்டிக்குக் கீழே இருந்த அலமாரியைத் திறந்தார். நெடி மூக்கில் அறைந்தது. கதவின் உட்புறம் முட்டைக் கரு நிறத்தில் இருந்தது. அந்த இருட்டுக்குள் நின்றது சல்மியாக் பாட்டில். அதன் மூடியில் ஒரு விரிசல்.

ஹால்வோர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மேலே: அவள் கை எட்டாத இடம், வெள்ளை. நடுவே: வாரா வாரம் துடைத்த இடம், மஞ்சள். காலண்டருக்குப் பின்னால்: துடைத்த ஈரம் ஊறி, வெளிச்சமும் படாத இடம், அதிக மஞ்சள். இங்கே: பாட்டிலோடு இருட்டில் பூட்டிக் கிடந்த இடம், எல்லாவற்றையும்விட மஞ்சள். இரண்டு பேர் கூட்டுச் சேர்ந்து செய்த வேலை இது. ஒன்று இருட்டு. இன்னொன்று...

"உன் சல்மியாக்!" என்று கத்தினார்.

அது தவறு. அந்தத் தீவில் ஒரு பெண்ணிடம் உன் ரொட்டி வேகவில்லை என்று சொல்லலாம், உன் வண்டியோட்டம் மோசம் என்று சொல்லலாம். உன் சுத்தம் வீட்டைக் கெடுக்கிறது என்று சொல்லக்கூடாது.

"ஓஹோ" என்றாள் சிக்ரூன், வாசலில் நின்றபடி. "நீ ஊதுவ. நான் தொடைப்பேன். கடைசில தப்பு தொடைச்சவ மேல!"

"எண்ணெய் பெயின்ட்டு எப்படிக் காயுதுன்னு தெரியுமா உனக்கு? தண்ணி மாதிரி ஆவியாப் போறதில்ல. காத்த உள்ள இழுத்து இறுகுது. இறுகுறப்ப உள்ள மஞ்சளா ஒரு சரக்கு உருவாகிட்டே இருக்கும். வெளிச்சம் பட்டா அது அப்பப்ப ஒடஞ்சு போயிடும். இருட்டுல ஒடையாது, சேந்துட்டே போகும். ரெண்டு மாசமா சூரியனே இல்ல! அதுக்கு மேல நீ வாரா வாரம் அம்மோனியா ஊத்துற. அது அந்த மஞ்சள இன்னும் வேகமா கெளப்புது."

"யாரு சொன்னா?"

"கப்பல்ல பாத்திருக்கேன். பேட்டரி அறைக்குள்ள அடிச்ச வெள்ள எப்பவும் மஞ்சளாத்தான் போகும், வெளியில மேல்தளத்துல அடிச்ச அதே டப்பா வெள்ள போகாது. இப்பதான் காரணம் புரியுது. நிரூபிக்கட்டா?"

"நிரூபி."

ஜூன் மாதம் அடித்து, அளவு பொருந்தாமல் ஜன்னலோரம் சாத்தி வைத்த ஒரு தட்டுப்பலகை இருந்தது. அதே பெயின்ட், ஆனால் இன்னும் வெள்ளை. ஹால்வோர் அதிலிருந்து இரண்டு துண்டு அறுத்தார். இரண்டு ஜாம் பாட்டில்களை எடுத்தார். ஒன்றில் வெறும் துண்டு. இன்னொன்றில் துண்டோடு, அதன் மேல் படாமல், சல்மியாக்கில் நனைத்த பஞ்சு.

சிக்ரூன் இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "இரு" என்று உள்ளே போனாள். யோருனின் பழைய அறையிலிருந்து ஒரு சின்னச் சட்டத்துண்டோடு வந்தாள். அந்த அறைக்கு அடித்தது தண்ணீரில் கரையும் பெயின்ட். "சல்மியாக்தான் வில்லன்னா எல்லா பெயின்ட்டையும் கெடுக்கணும்ல? இதையும் போடு. பஞ்சும் போடு. இது வெள்ளையாவே இருந்துச்சுன்னா உன் கதை பொய்."

"பொய் ஆகாது. இதுல எண்ணெயே கெடையாது, அதனால இது வெள்ளையாத்தான் இருக்கும். இப்பவே சொல்லி வெக்கிறேன்."

"பாத்துக்கலாம்." மூன்று மூடிகளையும் அவளே இறுக்கினாள். தன் துணி அலமாரிக்குள் இருட்டில் வைத்துப் பூட்டி, சாவியைக் கழுத்துச் சங்கிலியில் மாட்டிக்கொண்டாள். "நீ உள்ள கைய விடக்கூடாது பாரு. சூரியன் திரும்புற அன்னிக்குத் தொறக்கலாம்."

"முப்பத்தஞ்சு வருஷம் குடும்பம் நடத்துனவளுக்கு என் மேல இவ்வளவு நம்பிக்க!"

"முப்பத்தஞ்சு வருஷத்துல மூணு மாசம் கழிச்சுக்கோ."

அந்த நாட்களில் வீட்டில் பேச்சு என்பது உப்பை இங்கே தள்ளு, கதவைச் சாத்து என்பதோடு நின்றது. ஒரு நாள் ஈரலும் சினையும் சேர்த்து வேகவைத்த புது காட் மீனைச் சாப்பிட்டார்கள். ஜனவரியில் அதற்காகவே காத்திருப்பார்கள். முள்ளெடுக்கும் சத்தம் மட்டுமே கேட்டது. யோருனிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை. ஹால்வோர் கொட்டகைக்குப் போய் சிவப்புச் சறுக்குவண்டியின் மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடினார்.

சூரியன் திரும்பிய அன்று ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டார்கள். மலைவிளிம்பில் ஒரு ஆரஞ்சுக் கீற்று எழுந்து, சில நிமிடம் நின்று, இறங்கிப் போனது. வழக்கம்போல சிக்ரூன் சூரிய பன் சுட்டிருந்தாள், நடுவில் மஞ்சள் பாலேடு வைத்தது. வழக்கமாக அவருக்குத் தரும் முதல் பன்னை இந்தத் தடவை தரவில்லை. அதற்குப் பதிலாகச் சாவியைக் கழற்றி, மூன்று பாட்டில்களையும் கொண்டுவந்து ஜன்னல் திட்டில் வரிசையாக வைத்தாள்.

எண்ணெய் பெயின்ட், வெறும் இருட்டு: இளமஞ்சளாக மங்கியிருந்தது. எண்ணெய் பெயின்ட், சல்மியாக்: அவள் கையிலிருந்த பன்னின் பாலேடு நிறம். தண்ணீர் பெயின்ட், சல்மியாக்: வைத்த அன்று இருந்த அதே வெள்ளை.

சிக்ரூன் நடுப் பாட்டிலை விளக்கருகே தூக்கிப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள். இந்தப் பாட்டிலுக்குள் யாரும் சிகரெட் பிடித்திருக்க முடியாது.

"என்ன" என்றார் ஹால்வோர். "உள்ள யாராவது ஊதுறாங்களா?"

"வாய மூடு."

"யோருனுக்குப் போன் போடு."

"மூணு மாசம் பெப்பர்மின்ட்டத் தின்னு என்ன ஏமாத்துனவன் நீ!" அவள் குரல் உடைந்து உயர்ந்தது. "மாரடைப்பு வந்த மனுஷன். ராத்திரி ஆனா நீ மூச்சு விடுறியான்னு காது குடுத்துட்டு உக்காந்திருந்தவ நான். மஞ்சளப் பாத்தா எனக்கு வேற என்ன நெனப்பு வரும்?"

"அந்த மூணு மாசத்துக்கு இன்னும் எத்தன வருஷம் நான் குத்தவாளிக் கூண்டுல நிக்கணும்? அத முதல்ல சொல்லு!"

பன்னை அவர் முன்னால் தட்டென்று வைத்தாள்.

"பாதிக் காரணத்த வெச்சு நான் போன் பண்ண மாட்டேன்" என்றாள். "இருட்டுதான் மஞ்சளாக்குச்சுன்னா, வெளிச்சம் வெள்ளையாக்கணும். ஆக்குதான்னு பாக்குறேன். அப்புறம் பேசுறேன்."

நியாயமான பேச்சுதான். அதனாலேயே ஹால்வோருக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

கீல்களைக் கழற்றிக் கதவுகளை எடுத்தார்கள். சோப்புத் தண்ணீரில் கழுவி, தெற்குப் பார்த்த கண்ணாடித் தாழ்வாரத்தில் நிறுத்தினார்கள். ஒரு கதவில் பாதியை மட்டும் சிக்ரூன் சமையல் அலுமினியத் தாளால் இறுகச் சுற்றினாள், ஏமாற்ற முடியாதபடி. பிப்ரவரியில் வெயில் நாளுக்கு நாள் நீண்டது, வெளியே கிடந்த பனி அதை இரட்டிப்பாக்கி உள்ளே தள்ளியது. சல்மியாக் பாட்டிலை அவளே கொட்டகையில் கொண்டுபோய் வைத்தாள். கதவில்லாத அலமாரிகளில் தட்டுகளும் மாவுப் பொட்டலங்களும் ஊருக்கே தெரிந்தன. வந்த பக்கத்து வீட்டுக்காரி, "என்ன, வித்துட்டீங்களா?" என்று கேட்டாள். "குத்தவாளிங்கள வெளிய நிறுத்தியிருக்கோம்" என்றார் ஹால்வோர். சிக்ரூன் சிரிக்கவில்லை, ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மார்ச்சில் ஒரு மத்தியானம் அவள் அலுமினியத் தாளை உரித்தாள். கதவின் நடுவே கோடு போட்டதுபோலிருந்தது. மறைத்திருந்த பாதி மஞ்சள். வெயில் பட்ட பாதி, ஜூன் மாதத்து வெள்ளை இல்லை என்றாலும், வெள்ளை. வெயிலால் மீட்க முடியாதது ஒன்றே ஒன்றுதான். கழுவுதொட்டிக்குக் கீழே இருந்த கதவு, பாட்டிலோடு குடித்தனம் நடத்தியது, பிடிவாதமாக அந்த மஞ்சள் பாலேடு நிறத்திலேயே நின்றது. அதற்கும் தாள் சுற்றியிருந்த பாதிக் கதவுக்கும் ஹால்வோர் உப்புத்தாள் போட்டார். இந்தத் தடவை படகுக்கொட்டகைப் பக்கம் போகவில்லை, கடைக்குப் போய் தண்ணீரில் கரையும் பெயின்ட் டப்பா வாங்கி வந்தார்.

கதவுகளெல்லாம் கீலுக்குத் திரும்பிய அன்று சிக்ரூன் மேசைமேல் போனை வைத்து, இருவருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டினாள்.

"யோருன், அம்மா பேசுறேன். குறுக்க பேசாத. உங்க அப்பா சிகரெட் பிடிக்கல."

"அம்மா, அவர் சொல்றத நம்பி..."

"அவர் சொல்லி நான் எதையும் நம்பல. மூணு பாட்டில்ல பூட்டி வெச்சுப் பாத்தேன், வெயில்ல வெச்சும் பாத்தேன். அலமாரிய மஞ்சளாக்குனது நான். என் சல்மியாக். சொல்லியாச்சு. ரெண்டு தடவ சொல்ல மாட்டேன்."

யோருன், "அப்பா இருக்காரா?" என்றாள். "அப்பா, ஈஸ்டருக்கு டிக்கெட் போடுறேன். தீரில் தெனமும் கேக்குறா."

"சறுக்குவண்டி ரெடி" என்றார் ஹால்வோர். கோபம் இன்னும் அவருக்குள் உட்கார்ந்திருந்தது.

"ஆனா அம்மா... எங்க சமையலறையும் மஞ்சளாத்தான் இருக்கு. மேல் வீட்டுக்காரன் பொகைன்னு அவன்கிட்ட சண்டையே போட்டுட்டேன். நானும் சல்மியாக்லதான் தொடைக்கிறேன், உங்களப் பாத்துதானே. இதுக்கு என்ன பண்ணணும்?"

சிக்ரூன் ஹால்வோரைப் பார்த்தாள். போனை மேசைமேல் அவர் பக்கமாகத் தள்ளினாள்.

"அத உங்க அப்பாகிட்ட கேளு" என்றாள். "அவருக்குத்தான் தெரியும்."

ஹால்வோர் போனை அருகே இழுத்துக்கொண்டார்.

"மொதல்ல அந்த சல்மியாக்க வீட்டுக்கு வெளிய வை. மேல் வீட்டுக்காரன்கிட்ட மன்னிப்புக் கேளு. அப்புறம் சோப்புத் தண்ணில நனைச்ச வெள்ளத் துணிய வெச்சுத் தேய்ச்சுப் பாரு. துணி பழுப்பானா அழுக்கு, கழுவுனாலே போயிடும். துணி சுத்தமா இருந்தா மஞ்சள் பெயின்ட்டுக்குள்ள இருக்கு. கதவுகளக் கழட்டி நல்ல வெளிச்சத்துல ஒரு மாசம் வை, பெரும்பாலும் வெளுத்துடும். வெளுக்காதத லேசா உப்புத்தாள் போட்டு, தூசியத் தொடைச்சுட்டு, கறை மேல வராமத் தடுக்கிற ப்ரைமர் ஒரு கோட்டிங் குடு. அது நல்லாக் காஞ்சதும் தண்ணி பெயின்ட் ரெண்டு கோட்டிங். எண்ணெய் பெயின்ட் வேண்டாம், அது படகுக்கு. அப்புறம் எப்பத் தொடைச்சாலும் வெதுவெதுப்பான தண்ணி, ரெண்டு சொட்டு பாத்திர சோப்பு. அவ்வளவுதான், வெள்ள வெள்ளையாவே இருக்கும்."